எட்டாவது குச்சி

என் கணவர் பார்த்து உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் பல் டாக்டர். கடைவாய்ப் பல் இடுக்கில் ஒளிந்திருக்கும் சொத்தையை விளக்கடித்துக் கண்டுபிடிக்கிற மனிதருக்கு, கார் சீட்டில் இருந்த ரப்பர் பந்து கண்ணில் படவில்லை. வெறும் பந்துகூட இல்லை, எட்டுக் குச்சிகள் குத்திய பந்து. நான் வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்புவதற்குள் “ஐயோ!” என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் மனிதர் காருக்கு வெளியே நின்று பின்பக்கத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார். பந்து பெடலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஒரு குச்சி கழன்று நூலில் தொங்குகிறது.

“சீட்ல முள்ளம்பன்றிய வெச்சா சொல்ல மாட்டியா?”

“கண்ண எங்க வெச்சீங்க? இதைக் காட்டித்தான் என் தம்பி இன்னிக்குத் தேர்வுல பேசப் போறான். நேத்து முழுக்க உக்காந்து குத்தினேன்.”

“நானும் இப்ப உக்காந்துதான் குத்து வாங்கினேன்.”

இந்த மாதிரி நேரத்தில் சிரிக்கிற சுபாவம் எனக்கு இல்லை. அவருக்கு அது தெரியும். வாயை மூடிக்கொண்டு பந்தை எடுத்துப் பார்த்தார்.

அந்தப் பந்து என்ன என்று சொல்லிவிடுகிறேன். என் தம்பி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்வது டோரிக் வடிவங்கள் பற்றி. பயப்பட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். ஆறு பரிமாணத்தில் வளைந்து கிடக்கும் ஒரு வெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வரைய எந்தக் கொம்பனாலும் முடியாது. ஆனால் பந்தில் குத்திய சில குச்சிகள் போதும், அதன் அடிமுடி எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு குச்சியும் அந்த வெளிக்குள் நிற்கிற ஒரு பெரிய சுவருக்கு அடையாளம். அந்தச் சுவருக்கு இவர்கள் டிவைசர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் குச்சிகள் சேர்ந்தால் ஒரு கூம்பு. நான் செய்த பந்தில் குச்சிகள் ஒரு சதுரப் பெட்டியின் எட்டு மூலைகளைப் பார்த்து நின்றன. பக்கத்துக் குச்சிகளின் நுனிகளைச் சிவப்பு நூலால் இணைத்திருந்தேன். ஆறு பக்கம், பக்கத்துக்கு நாலு குச்சி.

இதில் தம்பி எண்ணுவது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு குச்சிக்கும் ஓர் உயரம் கொடுத்து, மேலே துணியைப் போர்த்த வேண்டும். ஒவ்வொரு கூம்பின் மேலும் துணி சுருக்கமில்லாமல் தட்டையாக நிற்க வேண்டும். கூம்புக்கு மூன்று குச்சிதான் என்றால் கவலையே இல்லை, முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நாலு குச்சி என்றால் தகராறு. மூன்று கால்களின் உயரம் முடிவானதும் நாலாவது காலின் உயரமும் முடிவாகிவிடுகிறது. அது ஒத்துழைக்கவில்லை என்றால் நாற்காலி ஆடும். பந்தையே ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பதைக் கணக்கில் சேர்க்காமல், எத்தனை விதமாக இப்படிப் போர்த்தலாம்? அந்த எண்ணுக்காகத்தான் அவன் இத்தனை வருடமாகச் சோறு தண்ணி மறந்தான்.

நான் படித்தது டோபாலஜி. ஓட்டை எண்ணுகிற படிப்பு. ஒரு வெளியை இழுத்தாலும் வளைத்தாலும் மாறாமல் இருப்பது எது என்று எண்ணுவோம். வேடிக்கை என்னவென்றால், இந்த டோரிக் வெளிகளில் தம்பி துணி போர்த்தி எண்ணுகிற எண்ணும், நான் ஓட்டை எண்ணிச் சொல்கிற எண்ணும் ஒன்றாகத்தான் வரும். சின்ன வயதிலிருந்து எங்களுக்குள் எல்லாமே போட்டி. செஸ், ஓட்டம், மாடிப்படி ஏறுவது, அம்மாவிடம் திட்டு வாங்குவது. நான் ஒன்றிலும் விட்டுக்கொடுத்ததில்லை. அவன் அழுதால்கூட, “அழுதுட்டு வா, அடுத்த ஆட்டம் ஆடலாம்” என்பேன்.

ஆனால் ஆய்வேட்டில் அவன் என்னை ஜெயித்துவிட்டான் என்றே நினைத்திருந்தேன். குச்சியை எந்த இடத்தில் குத்தியிருக்கிறது என்பது முக்கியமே இல்லை, யார் யாருக்குப் பக்கம் என்று தெரிந்தால் போதும், எண்ணைச் சொல்லிவிடலாம் என்பது அவன் தேற்றம். முக்காலிக் கூம்புகளுக்கு அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நாற்காலிகளையும் சேர்த்து நிரூபித்தது என் தம்பி. அதை நம்பித் தொலைதூரத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அவனுக்கு வேலை கொடுத்திருந்தது. இந்த மாத முடிவுக்குள் பட்டம் கைக்கு வர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

“பழைய ஓட்டை கிழிஞ்சு போச்சு. பக்கத்துல குத்தட்டுமா?” என்றார் கணவர்.

“எங்க வேணா குத்துங்க. அதானே அவன் கண்டுபிடிச்சதே. எடம் முக்கியமில்ல, பக்கத்து வீட்டுக்காரன் யாருன்னுதான் முக்கியம்.”

கார் சாவியின் முனையால் துளைபோட்டு, பல் நடுகிற நிதானத்தோடு குச்சியைச் செருகினார். நூல் அறுபடவில்லை. கொஞ்சம் கோணலாக இருந்ததே தவிர, பக்கத்துக் குச்சிகள் எல்லாம் அதேதான். சரி என்று கிளம்பினோம். நான் பந்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

கணிதத் துறையின் நடைபாதையில் தம்பி எங்களுக்காகக் காத்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தான். மூச்சு விடுகிறானா என்றே சந்தேகமாக இருந்தது.

“பொத்தான ஒண்ணு அவிழ்த்து விடுடா. பட்டம் வாங்கறதுக்குள்ள மயக்கம் போட்டுடாத.”

“அக்கா, உன்ன ஒண்ணு கெஞ்சிக் கேட்டுக்கறேன். கடைசில தலைவர் அவையில யாருக்காவது கேள்வி உண்டான்னு கேப்பாரு. அது சும்மா சடங்கு. யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. நீயும் திறக்காத.”

“நான் என்ன கேக்கப் போறேன்?”

“உனக்குக் கை நமநமன்னு இருக்கும், தெரியும். அப்படித் தாங்கவே முடியலன்னா ‘ஒரு கருத்து’ன்னு ஆரம்பி. கருத்துன்னா காத்தோட போயிடும். கேள்வின்னா பதிவேட்டுல ஏறும், நான் பதில் சொல்லியே ஆகணும், அதுக்கு மேலதான் கையெழுத்து.”

“மச்சான், உங்க அக்கா வாய்க்கு நான் வேணா பஞ்சு வெச்சு அடைச்சிடறேன்” என்றார் என் கணவர்.

தம்பி சிரித்தான். பந்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். எட்டாவது குச்சியின் கோணலை அவன் கவனிக்கவே இல்லை. கவனித்திருந்தாலும் என்ன, அவன் தேற்றப்படி அது கோணலே இல்லை.

அறை சின்னது. ஏசி ஒரு மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே யாரோ ஒரு குப்பைக் கூடையை வைத்திருந்தார்கள். பின்பக்க மேஜையில் டீ ஃபிளாஸ்க்கும் பிஸ்கட் தட்டும். முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர். அவர் புள்ளியியல்காரர், டோரிக் என்றால் என்ன விலை என்று கேட்பார். அவருக்கு இடப்பக்கம் தம்பியின் வழிகாட்டி. எதை விளக்கச் சொன்னாலும் “ஒரு கூம்பை எடுத்துக்கங்க” என்று ஆரம்பிப்பதால் மாணவர்கள் அவருக்குக் கூம்பு சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். வலப்பக்கம் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், நரைத்த தலை, கண்டிப்பான முகம், ஓர் அம்மா. அவர் எழுதி வந்த அறிக்கை கையெழுத்தோடு ஏற்கெனவே தலைவரின் மேஜையில் இருந்தது. சுருக்கமாகச் சொன்னால் பட்டம் பாதி வழி வந்துவிட்டது, மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பேச்சு.

தம்பி நன்றாகவே பேசினான். பந்தை மேஜைமேல் வைத்து, எட்டுக் குச்சிகளையும் தொட்டுக் காட்டினான். “இந்த வடிவத்துக்கு விடை ஒண்ணு” என்றான். எனக்கு அதெல்லாம் மனப்பாடம். பொழுது போகாமல், அவன் வழியில் இல்லாமல் என் வழியில் எண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றியது. கைப்பையில் கிடந்த ஒரு மருந்துக் கடை ரசீதின் பின்பக்கத்தில் ஆரம்பித்தேன். மேஜைமேல் கண்ணெதிரே இருந்த பந்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஏழு குச்சிகள் நேராக மூலையைப் பார்க்கின்றன. எட்டாவது, என் கணவரின் கைங்கரியம், வலப்பக்கம் ஒரு பங்கு போனால் முன்னால் இரண்டு பங்கு, மேலே மூன்று பங்கு என்று சாய்ந்து நிற்கிறது. கண்ணளவுதான். இடம்தான் முக்கியமில்லையே.

ஓட்டையை எண்ணினேன். பூஜ்யம் வந்தது.

என் கணக்குதான் தப்பு என்று நினைத்தேன். மறுபடி எண்ணினேன். மறுபடியும் பூஜ்யம். வளைத்தாலும் மாறாததைத்தான் நாங்கள் எண்ணுவோம் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவள் நான். ஒரு குச்சி நகர்ந்ததும் என் ஓட்டையே காணாமல் போய்விட்டது. அப்படியென்றால் குச்சியை நகர்த்தியபோது அந்த வெளி வளையவில்லை, வேறு வெளியாகவே மாறியிருக்கிறது.

சரி, தம்பி வழியிலேயே பார்த்துவிடலாம் என்று துணியைப் போர்த்தினேன். நேராக நிற்கிற ஏழு குச்சிகளுக்கும், சாய்த்துப் பிடிக்கிற வேலையெல்லாம் கழித்துவிட்டால், ஒரே உயரம்தான் இருக்க முடியும். ஒன்று என்று வைத்தேன். எட்டாவது குச்சி நிற்பது மூன்று பக்கங்களில். ஒவ்வொரு பக்கத்திலும் மற்ற மூன்று பேரும் சேர்ந்து இவன் உயரத்தை முடிவு செய்வார்கள். வலப்பக்கத்தார் ஒன்று என்றார்கள். முன்பக்கத்தார் இரண்டு என்றார்கள். மேல்பக்கத்தார் மூன்று என்றார்கள். பழைய இடத்தில் நின்றிருந்தால் மூன்று பக்கமும் ஒரே குரலில் ஒன்று என்று சொல்லியிருக்கும். இப்போது ஒரே குச்சி ஒரே நேரத்தில் மூன்று உயரத்தில் நிற்க வேண்டும். அதற்கு ஒரே வழி, எல்லாரும் பூஜ்யமாகிவிடுவது, அதாவது போர்த்த ஒரு விதமும் இல்லை. என் கண்ணளவு முன்னே பின்னே இருந்தாலும் கதை மாறாது. மூன்று எண்களும் வெவ்வேறாக இருந்தாலே போதும்.

ரசீது நழுவிக் கீழே விழுந்தது. கணவர் குனிந்து எடுத்துக் கொடுத்து, “உடம்புக்கு ஏதாவது செய்யுதா?” என்று காதோரமாகக் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். என் முகத்தில் ரத்தம் இல்லை என்று பிறகு சொன்னார்.

என் தம்பியின் தேற்றம் பொய். அவன் அதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான். அவன் வழிகாட்டி படித்திருக்கிறார், தேர்வாளர் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது பொய் என்று இந்த உலகத்தில் தெரிந்தவள் அந்த நிமிஷத்தில் நான் ஒருத்திதான். எனக்கு அழுகை வந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் முடிவு செய்தேன். சத்தியமாக. வீட்டுக்குப் போய், சாப்பிட வைத்து, மெதுவாகச் சொல்லலாம். பட்டம் வந்த பிறகு திருத்திக்கொள்ளலாம். வேலைக்குச் சேர்ந்த பிறகு திருத்திக்கொள்ளலாம். இப்படி நான் எனக்கே பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது தேர்வாளரின் கேள்விகள் முடிந்துவிட்டன. தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “அவையில யாருக்காவது கேள்வி உண்டா?” என்றார். பின்வரிசையில் ஒருவர் டீ ஃபிளாஸ்க்கைத் திறக்க ஆரம்பித்துவிட்டார்.

தம்பி என்னைப் பார்த்து லேசாகப் புருவத்தைத் தூக்கினான். செஸ் ஆட்டத்தில் நான் மாட்டிக்கொண்டால் அவன் செய்கிற அதே சேஷ்டை. என் நாக்கு என்னைக் கேட்கவில்லை.

“அந்த எட்டாவது குச்சி இருக்கிற எடத்துல விடை பூஜ்யம்” என்றேன்.

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கூம்பு சார் பொறுமையாகச் சிரித்தார். “ஒரு கூம்பை எடுத்துக்கங்கம்மா. குச்சி எங்க நின்னாலும் பக்கத்துல யாருங்கறதுதான்…”

“எடுத்துக்கிட்டேன் சார். மூணு கூம்பு எடுத்துக்கிட்டேன். ஒண்ணு ஒரு உயரம்ங்குது, ஒண்ணு ரெண்டுங்குது, இன்னொண்ணு மூணுங்குது.”

அவர் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. வாய் மட்டும் சிரித்தபடி இருந்தது, கண்கள் பந்துக்குப் போய்விட்டன. தேர்வாளர் அம்மா பேனாவை எடுத்து ஏதோ கிறுக்கினார். கிறுக்கியதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தம்பி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தின்மேல் குனிந்தான். எட்டாவது குச்சியை விரலால் தொட்டான். அதன் அடியில் இருந்த பழைய, கிழிந்த ஓட்டையையும் தொட்டான்.

ஏசித் தண்ணீர் கூடையில் சொட்டுவது கேட்டது.

தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ முறைப்படி நடக்கவில்லை என்பது மட்டும் புரிந்தது. அவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். “அம்மா, இது கேள்வியா, கருத்தா?”

“கருத்துதான் சார்” என்றார் கூம்பு சார், எனக்கு முன்னால். அவர் குரல் கம்மியிருந்தது. “கருத்துதான். அப்புறமா பேசிக்கலாம்.”

“அவங்க சொல்லட்டும்” என்றார் தலைவர்.

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஒரு தேற்றம் கண்ணெதிரில் செத்துக் கிடக்கிறது, இங்கே என்னடாவென்றால் கேள்வியா கருத்தா என்று கேட்கிறார்கள். நான் கருத்து என்று சொன்னால் போதும், அந்த அறிக்கை அப்படியே இருக்கும், தம்பி பட்டத்தோடு வெளியே வருவான். அம்மா முட்டிவலியோடு வீட்டில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் அந்த ஊருக்குப் போவதற்காகக் குளிர்ச்சட்டைகூட வாங்கி மடித்து வைத்திருந்தாள். தம்பியின் முதுகைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை நடுமுதுகில் வேர்த்து ஒட்டியிருந்தது.

“கருத்து” என்றேன்.

கூம்பு சார் மூச்சு விட்டார். தலைவர் பதிவேட்டை மூடப் போனார்.

“இல்ல சார்.” தம்பி திரும்பினான். அவன் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. அழவும் இல்லை, கோபமும் இல்லை. யாரோ ஓங்கி அறைந்த பிறகு, வலி வருவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் இருக்குமே, அந்த முகம். “அது கேள்வி. எழுதிக்கங்க.”

“தம்பி, அவங்களே கருத்துன்னு…”

“எட்டாவது குச்சி இந்த எடத்துல இருந்தா விடை என்னன்னு கேட்டாங்க. எழுதிக்கங்க சார். பதிலும் சொல்றேன்.”

கரும்பலகைக்குப் போனான். ஒன்று என்று எழுதினான். அதன் கீழே இரண்டு. அதன் கீழே மூன்று. மூன்றும் சமமாக இருக்க வேண்டும் என்று கோடு போட்டான். பூஜ்யம் என்று எழுதி வட்டமிட்டான். சுண்ணக்கட்டி உடைந்தது. “என் தேற்றம் தப்பு” என்றான்.

தேர்வாளர் அம்மாதான் முதலில் பேசினார். அவர் குரலிலும் அதிர்ச்சி இருந்தது. “நீங்க ஆயிரக்கணக்கா வடிவங்கள கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்திருக்கீங்களே. ஒண்ணுலகூட இது வரலையா?”

“புரோகிராம் யார் பக்கத்துல யாருன்னு மட்டும்தான் மேடம் கேக்கும். குச்சிய அதுவே குத்திக்கும். அழகா, நேரா.”

“நிரூபணத்துல?”

தம்பி பதில் சொல்லத் தயங்கினான். ஒரு நொடிதான். அதற்குள் கூம்பு சார் எழுந்துவிட்டார். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “‘மூலைகள நேரா வெச்சுக்கலாம், பொதுத்தன்மை கெடாது’ன்னு ஒரு வரி இருக்கு. அவன் அதை ரெண்டு பக்கத்துக்கு விளக்க வந்தான். வேண்டாம், ஒரு வரி போதும்னு சொன்னது நான்தான்.”

“நானும் அந்த வரியத் தாண்டித்தான் போனேன்” என்றார் அந்த அம்மா. “எந்தப் பாடப்புத்தகத்துலயாவது பயிற்சிக் கணக்கா இதே குச்சி இருந்திருக்கும். நாம யாரும் போட்டிருக்க மாட்டோம்.”

எங்கள் ஆட்களுக்கே உரிய வியாதி இது. படம் போடச் சொன்னால் கோணலாகப் போட மாட்டோம். பெட்டி என்றால் நேரான பெட்டி, மூலை என்றால் நேரான மூலை. நேராக நிற்கிற பிள்ளைகளை மட்டும் அளந்துவிட்டு ஊரில் கூனனே இல்லை என்று சொல்லிவிடுவோம். அதற்கு ஒரு பல் டாக்டர் பார்க்காமல் உட்கார வேண்டியிருந்தது.

தேர்வாளர் கையை நீட்டி, தலைவர் முன்னால் இருந்த தன் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முக்காலிக் கூம்புகளைப் பற்றிய அத்தியாயங்கள் நிற்கும் என்றார். மற்றதை எழுதிக்கொண்டு மறுபடி வரச் சொன்னார். ஒரு வருடமாவது ஆகும். தலைவர் அதைப் பதிவேட்டில் எழுதினார், தம்பி கீழே கையெழுத்துப் போட்டான். டீ ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. மாத முடிவுக்குள் பட்டம் கேட்ட வேலை, நாங்கள் அந்த அறையின் வாசலைத் தாண்டுவதற்குள் போய்விட்டது.

காரில் தம்பி பின்சீட்டில், பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நானும் பின்னால் அவன் பக்கத்தில். என் கணவர் இரண்டு சிக்னல்வரை பேசவில்லை. அவருக்கு அது பெரிய விரதம்.

“நான் கொஞ்சம் பாத்து உக்காந்திருக்கலாம் மச்சான்” என்றார் கடைசியில்.

“நல்லவேளை பாக்கல மாமா. அங்க போய்ச் சேர்ந்து, நாலு பேர் இதை நம்பி வேலை செஞ்சு, அப்புறம் எவனாவது கண்டுபிடிச்சிருந்தா?”

பேச்சு சாதாரணமாகத்தான் இருந்தது. கைதான் அடங்கவில்லை. எட்டாவது குச்சியை உருவுவதும் செருகுவதுமாக இருந்தான்.

“டேய், என்னைத் திட்டுடா” என்றேன். “வாயத் திறக்காதன்னு நீ படிச்சுப் படிச்சுச் சொன்னே. நான்தான்…”

“அதுக்கில்லக்கா.” அவன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். “நீ பூஜ்யம்னு சொன்னப்ப எனக்கு வலிக்கவே இல்ல. தூக்கிவாரிப் போட்டுச்சு, அவ்வளவுதான். நீ சொன்னா கணக்கு சரியாத்தான் இருக்கும்னு தெரியும். ஆனா கருத்துன்னு சொன்னியே, ஏன்?”

நான் மருந்துக் கடை ரசீதை எடுத்து நாலாக மடித்தேன்.

“எனக்கு அம்மை போட்டுப் படுத்திருந்தப்பகூடச் செஸ்ல என் ராணிய எடுத்தவ நீ. பாவம் பாருடின்னு அம்மா கெஞ்சினா, பாவம் பாத்தா அவன் எப்படி ஆடக் கத்துப்பான்னு கேட்டே. ஒருநாளும் நீ எனக்கு விட்டுக்குடுத்ததில்ல. அதனாலதான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். இன்னிக்கு அவ்வளவு பேர் முன்னாடி முதல்தடவையா விட்டுக்குடுத்தே. நான் அவ்வளவு மோசமாவா ஆடிட்டேன்?”

கண்ணாடி வழியாகக் கணவர் என்னைப் பார்த்தார், உடனே பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டார்.

என் கைப்பையில் போன் அடித்தது. அம்மாதான். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன், பேசத் தைரியம் வரவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. தம்பி என் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்தான்.

“அம்மா… இல்லம்மா, இன்னும் ஆகல. திரும்ப எழுதணும்… ஆமா, வேலையும் போச்சு. அழாதம்மா. யாரும் ஒண்ணும் பண்ணல.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தான். “அக்கா ஜெயிச்சுட்டாம்மா. வழக்கம்போல.”

அந்தப் பக்கம் அம்மா பதறிக்கொண்டு கேட்டது எனக்கே கேட்டது.

“தேர்வு அன்னிக்குக்கூட ரெண்டு பேருக்கும் விளையாட்டாடா?”